நிக்கோபார் சாப்பாடு: கருங்கல் பக்கம் ஒரு மாடிக்கடையும் என் புகாரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் முடியாது. 1994 முதல் 2008 வரை கார் நிக்கோபாரில் நர்ஸாக இருந்தவள் நான். குமரி மாவட்டத்தில் கருங்கலுக்கும் புதுக்கடைக்கும் நடுவே ஒருவர் "நிக்கோபார் ஆதிவாசி உணவு" என்று ஃபிளக்ஸ் கட்டிக் கடை போட்டிருக்கிறார் என்று தங்கச்சி போனில் சொன்னதும், சாப்பிடுகிற ஆசையைவிட சண்டை போடுகிற ஆசைதான் எனக்கு அதிகம் வந்தது. அந்த சனிக்கிழமையே இருவரும் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறிவிட்டோம்.

கீழே சைக்கிள் பஞ்சர் கடை, மேலே இது. படி செங்குத்து. முட்டுவலிக்காரர்கள் கைப்பிடிக் கம்பியை நம்ப வேண்டாம், ஆடுகிறது. நாலு மேசை, ஒரு ஃபேன், கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறது, நல்ல விஷயம். சனி, ஞாயிறு மட்டும்தான் திறப்பார்கள்.

ஃபிளக்ஸைப் பற்றி இப்போதே சொன்னால்தான் மனசு ஆறும். தலையில் இறகு, இடுப்பில் இலை, முகத்தில் வெள்ளைக் கோடு, கையில் ஈட்டி. எந்தக் கண்டத்து மனிதரோ, பாவம். கல்லாவில் இருந்த பையனிடம் கேட்டேன்.

"தம்பி, இது யாரு?"

"நிக்கோபார்காரங்க."

"நீ பார்த்திருக்கியா?"

அவன் சிரித்தான். "நான் அங்கதான் வளர்ந்தேன். அப்பா கொப்பரை எடை போடுற வேலையில இருந்தார். படம் ஃபிளக்ஸ் அடிக்கிறவன் போட்டது. ஆள் வரணும்ல?"

தெரியாமல் செய்தவனைத் திருத்தலாம். தெரிந்தே செய்பவனை என்ன செய்ய? நான் நர்ஸாக இருந்தவள் என்று சொன்னதும் பையன் எழுந்து நின்று 'சிஸ்டரம்மா' ஆக்கிவிட்டான். அதற்குப் பிறகு கத்த முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்காகவாவது சொல்கிறேன். கார் நிக்கோபார் மலை இல்லாத தட்டைத் தீவு, சுமார் 127 சதுர கிலோமீட்டர். போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள், எனக்கு வாயில் வரவில்லை) ராத்திரி கப்பல் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். மூஸ், மலாக்கா, பெர்க்கா, சவாய், அரோங் என்று பதினைந்து ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கேப்டன், அவருக்குக் கீழே இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன். கப்பல்காரர்களோடு தேங்காய் வியாபாரம் செய்த காலத்தில் ஒட்டிக்கொண்ட சொல் அது, இன்றும் ஊர்த்தலைவருக்குப் பெயர் கேப்டன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூஸ் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய்ப் பார்த்தால் இலையும் கிடையாது, ஈட்டியும் கிடையாது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பெண்கள் பூப்போட்ட லுங்கியும் மேல்சட்டையும், கையில் ரோமன் எழுத்தில் அச்சடித்த நிக்கோபாரிப் பாட்டுப் புத்தகம். பாட ஆரம்பித்தால் நாலு குரலாகப் பிரியும். யார் சொல்லிக்கொடுத்து எந்தக் குழந்தை எந்தக் குரலுக்குப் போகிறது என்று எனக்குப் பதினாலு வருஷத்தில் பிடிபடவில்லை. எங்கள் சபையில் ஆர்கன் நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

சரி, சாப்பாடு.

பன்றிக்கறி ஒரு பிளேட் 220 ரூபாய். மிளகு, கரம் மசாலா, கறிவேப்பிலை எல்லாம் போட்டு வறட்டியிருக்கிறார்கள். பழுது சொல்ல முடியாது, கொழுப்பு பக்குவமாக உருகியிருந்தது, நம்மூர்க் கல்யாண வீட்டில் இதைப் போட்டால் சண்டை வரும். ஆனால் இது நிக்கோபார் இல்லை. அங்கே பன்றியைப் பெரிய பெரிய துண்டாகப் போட்டு, உப்பும் தண்ணீரும் வைத்து அவிப்பார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு அடியில் தேங்காய் தின்று வளர்ந்த பன்றிக்கு மசாலா எதற்கு? அந்த இறைச்சிக்குத் தேங்காய் வாசனை தானாகவே இருக்கும். நம்மூர்ப் பண்ணைப் பன்றிக்கு அந்த வாசனை வராது, அதனால் மசாலா போட்டது குற்றமில்லை என்று பிறகு யோசித்தேன். மெனுவில் மட்டும் "பாரம்பரிய முறை" என்ற வார்த்தையை எடுத்துவிடலாம்.

காச்சில் கிழங்கும் மரச்சீனியும் அவித்து வைத்தார்கள். காச்சில் அருமை. அங்கேயும் காச்சில்தான் முக்கியமான கிழங்கு, அதில் ஏமாற்று இல்லை. மரச்சீனி சற்று வெந்தது போதாது.

"தாழம்பழக் களி, 80 ரூபாய்" என்று இருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையாகவே நாக்கு ஊறியது. நிக்கோபார்த் தாழை நம் கடற்கரைத் தாழை இல்லை. நம்முடையது பூவுக்கும் வாசனைக்கும். அவர்களுடையது சாப்பாட்டுக்கு. பழம் ஒன்று சக்கைக்காய் பருமன் இருக்கும். பெரிய பானையில் மணிக்கணக்காக அவித்து, ஒவ்வொரு சுளையாக நாரிலிருந்து சதையைச் சுரண்டி எடுத்து, நாரெல்லாம் போக்கிப் பிசைந்தால் மஞ்சளாக ஒரு களி வரும். லேசான இனிப்பு, லேசான புளிப்பு. அரிசி வருவதற்கு முன்னால் அவர்களுக்குச் சோறு அதுதான். ஒரு வீட்டில் அதைச் சுரண்ட உட்கார்ந்த பெண்கள் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். பேச்சும் நிற்காது.

இங்கே வந்தது சீமைப்பலா மசியல். ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. பையனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "பழம் கிடைக்காது சிஸ்டரம்மா. சீமைப்பலாதான் கொஞ்சம் பக்கத்துல வரும்னு அம்மா சொன்னாங்க." அம்மா சொன்னது சரி, கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் சீமைப்பலா என்று எழுதி விற்க வேண்டியதுதானே? என் தங்கச்சி, "அக்கா, இதுல உப்பும் இல்ல உறைப்பும் இல்ல, எதுக்கு இவ்வளவு விசாரணை?" என்று என் பங்கையும் தின்று முடித்தாள்.

அன்றைக்குக் கணக்குப் போட்டால் ஐந்துக்கு இரண்டரை கொடுத்திருப்பேன். படி இறங்கும்போது சமையல்கட்டிலிருந்து அவனுடைய அம்மா வெளியே வந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் கோயில் முடிஞ்சு வாங்க. தனியா வாங்க" என்றார். தங்கச்சிக்குக் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குப் போனேன். மெனுவில் இல்லாத ஒன்றைத் தந்தார். மசாலா கிடையாது. உப்பில் அவித்த பன்றி, மேலே எண்ணெய் மின்னும் சாறு, காச்சில், ஒரு கீற்றுத் தேங்காய். நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் எதிரே உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்ததும் வாழையிலையில் ஒரு பொதி கட்டி என் பையில் வைத்தார். "தங்கச்சி பங்கு. நேத்து மூஞ்சி கறுத்துப் போச்சே."

பங்கு. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நிக்கோபாரில் பன்றியைத் தனியாள் தின்பதில்லை, தனியாளுக்குப் பன்றி சொந்தமும் இல்லை. துஹேத் என்று ஒன்று இருக்கிறது. கூட்டுக்குடும்பம் என்று சொன்னால் பாதிதான் சரி. பாட்டன் வழி, பாட்டி வழி, கட்டி வந்தவர், எடுத்து வளர்த்தவர் எல்லாரும் சேர்ந்த ஒரு பெரிய வீடு. தென்னை, பன்றி, நிலம் எல்லாம் துஹேத்துக்கு. கிறிஸ்மஸுக்கு, ஈஸ்டருக்கு, புது வருஷத்துக்குப் பன்றி அடித்தால் இறைச்சி பங்கு பங்காகப் பிரிந்து ஓலைக்கூடையில் வீடு வீடாகப் போகும். கட்டிலில் கிடக்கும் கிழவிக்கு ஒரு பங்கு. நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஒரு பங்கு, அதைத் தாய் தின்பாள். குவார்ட்டர்ஸில் இருந்த எனக்கும் வந்தது. முதல் வருஷம் "எவ்வளவு தரணும்?" என்று காசை எடுத்தேன். கூடை கொண்டுவந்த பெண் அப்படியே நின்றாள். அவள் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நம் கத்தோலிக்கர்கள் தங்கள் சபையையே 'பங்கு' என்பார்கள், சாமியார் பங்குத்தந்தை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பிறந்த எனக்கு அந்தச் சொல்லின் எடை நிக்கோபாரில்தான் விளங்கியது. எங்களிடம் அசனம் இருக்கிறது, இல்லாமலில்லை. அண்டாவில் சோறு, குழம்பு, ஊர் மொத்தமும் சாதி மதம் பாராமல் பந்தி. வருஷத்துக்கு ஒரு நாள். அங்கே எல்லாப் பண்டிகையும் அசனம்தான். பிரசங்கம் பத்து நிமிஷம், பங்கு போடுவது மூன்று மணி நேரம். பங்கு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேப்டனுக்கும் போதகருக்கும் பெரிய கவலை.

கிறிஸ்தவத்தை யார் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று யாராவது கேட்டால், வெள்ளைக்காரன் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். வெள்ளைக்காரர்கள் முயன்று பார்த்துத் தோற்ற இடம் அது. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்கள் 1756-இல் நிக்கோபாரை எங்களுடையது என்றார்கள். 1768-இல் மொராவியன் மிஷனரிகள் நிக்கோபாரின் நன்கௌரித் தீவுக்குப் போனார்கள், இருபது வருஷத்துக்குள் காய்ச்சலில் ஆள் ஆளாகச் செத்து, மிச்சம் பேர் திரும்பிவிட்டார்கள். கார் நிக்கோபாரில் வேர் பிடித்தது 1890களில் மூஸுக்குப் போன வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் வைத்த பள்ளிக்கூடத்தில். அவரிடம் படித்த பையன்களில் ஒருவரைப் பர்மாவில் மண்டலேக்குப் படிக்க அனுப்பினார்கள். அந்தப் பையன்தான் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். திரும்பி வந்து வாத்தியாராகி, போதகராகி, புதிய ஏற்பாட்டைத் தன் மொழியில் எழுதினார். அந்த மொழி தமிழுக்கோ இந்திக்கோ உறவில்லை, பர்மா, கம்போடியா பக்கத்து மொன், கெமர் மொழிகளுக்குச் சொந்தக்காரி. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் தீவு இருந்தபோது உளவாளி என்று சந்தேகப்பட்டுப் பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சன் உயிர் தப்பினார், தன் மகனைப் பறிகொடுத்தார். போருக்குப் பிறகுதான் ஏறக்குறைய முழுத் தீவும் சபைக்குள் வந்தது. 1952-இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபாருக்கான நியமன உறுப்பினராகப் போனவரும் அவரே. நான் போனபோது அவர் இறந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது, ஆனால் கிழவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது நேற்றுக் காலை இந்த வழியாகப் போனார் என்கிற மாதிரிதான் பேசுவார்கள்.

மைலாடிக்காரர்கள் எங்கள் பக்கம் வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 1806-இல் அவர் வருவதற்கு முன்பே தஞ்சாவூர்வரை போய் எங்களுக்கு ஒரு ஆளைத் தாருங்கள் என்று கேட்டவர் மைலாடி வேதமாணிக்கம். வேதமாணிக்கம் பெயராவது நமக்குத் தெரியும். சாலமோன் உபதேசியார் பெயரை நம் ஓய்வுநாள் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூஸில் ஒரு மீன்காரர் சொல்லித்தான் கேட்டேன். "உன் ஊர்க்காரர்" என்றார். நான் விழித்தேன்.

கடைக்கு வருகிறேன்.

சாப்பிட்டபின் அந்த அம்மா 2004-ஐப் பற்றிப் பேசினார். நான் அந்த கிறிஸ்மஸுக்கு லீவில் ஊருக்கு வந்திருந்தேன். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திங்கள்நகரில் ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது சபைச் செயலர் வந்து போதகர் காதில் ஏதோ சொன்னார், குளச்சலில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று. மணக்குடிப் பாலம் போய்விட்டது என்பது அப்புறம் தெரிந்தது. அங்கே கார் நிக்கோபாரில் கடல் அதற்கு மூன்று மணி நேரம் முன்பே வந்து போயிருக்கிறது. காலை ஆறரைக்கு நிலம் ஆடி, ஆட்டம் நிற்பதற்குள் பாதிப் பேர் வெளியே ஓடியிருக்கிறார்கள். ஊர்கள் எல்லாமே கரையோரம்தான். இவர் பெர்க்காவிலிருந்து பையனை இழுத்துக்கொண்டு உள்காட்டுக்கு ஓடியவர். நாலு நாள் இளநீரும் தேங்காயும். எந்த வீட்டுத் தேங்காய் என்று யாரும் கேட்கவில்லை என்றார். புருஷன் கொப்பரைக் கிடங்குக்குப் போனவர், வரவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை, மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நான் 2005 பிப்ரவரியில் திரும்பிப் போனபோது என் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கடல் இருந்தது. மக்கள் உள்நாட்டில் தகரக் கொட்டகையில். தேன்கூடு மாதிரி உருண்டையாக, கால்மேல் நிற்கும் பழைய ஓலை வீடுகள் கரையில் ஒன்றும் மிஞ்சவில்லை. உதவிப் பணமும் புது வீடும் புருஷன், மனைவி, பிள்ளை என்று கணக்குப் போட்டு வந்தது. துஹேத்தை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. யாருடைய தென்னை, யாருடைய பன்றி என்ற கேள்வி அந்தத் தீவில் முதல்தடவை என் காதில் விழுந்தது அப்போதுதான். 2001-இல் வெளியாரையும் சேர்த்துத் தீவில் 20,292 பேர், 2011-இல் 17,841. ஆனாலும் 2005 ஈஸ்டருக்குத் தகரக் கொட்டகை வாசலில் எனக்குப் பங்கு வந்தது. பன்றி மிஞ்சவில்லை, மீன்தான். ஒரு மீனில் கைப்பிடியளவு, இலையில் சுற்றி.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டில் நிக்கோபார் தேங்காய் எண்ணெய் பாட்டில்கள் இருக்கின்றன. கால் லிட்டர் 400 ரூபாய். விலை அதிகம்தான். நிக்கோபாரிகளின் தேங்காய் எண்ணெய்க்கும் ஹோடிப் படகுக்கும் பாய்க்கும் சமீபத்தில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நம் மட்டிப்பழத்துக்கு 2023-இல் கிடைத்த மாதிரி. வாங்கி வந்து நம் உருக்கெண்ணெயோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்முடையதில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சிய கக்கன் வாசனை தூக்கலாக இருக்கும், குழந்தையைக் குளிப்பாட்ட நான் அதைத்தான் இன்னும் சொல்வேன். நிக்கோபார் எண்ணெய் தண்ணீர் மாதிரி தெளிவு, வாசனை மெல்லிசு, சூடான காச்சிலில் விட்டால் மேலே எழும்பி வரும். ஆனால் பாட்டிலில் தயாரித்த தேதி இல்லை. தீவிலிருந்து கப்பலில் ஆள்வழி வருகிறது என்றான் பையன். எப்படி வந்தாலும் தேதியை எழுதி ஒட்டு, இல்லையென்றால் விற்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். நர்ஸ் புத்தி.

கடைக்குப் போகிறவர்களுக்கு: பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், ஒன்றரைக்கு மேல் காச்சில் இருக்காது. பார்சலுக்குப் பாத்திரம் கொண்டுபோனால் பத்து ரூபாய் குறைப்பார்கள். மீன் பொரிப்பு வேண்டாம், அது எந்தக் கடையிலும் கிடைக்கிற மீன் பொரிப்பு. அவித்த பன்றி மெனுவில் கிடையாது, முந்தின நாள் சொல்லி வைத்தால் அந்த அம்மா செய்வார், அதற்கு விலை 150-தான். பன்றி சாப்பிடாதவர்களுக்குக் காச்சிலும் எண்ணெயும் தவிர அதிகம் இல்லை. சாப்பிட்ட சூட்டில் நிக்கோபாருக்கு ஒரு டூர் போட்டுவிடலாம் என்று யாரும் டிக்கெட் பார்க்க வேண்டாம். 1956-ஆம் வருஷச் சட்டப்படி அது பழங்குடி மக்களின் காப்பிடம், வெளியாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், வேடிக்கை பார்க்க அது கிடைக்காது. அது நல்லதுதான் என்பது என் கட்சி.

சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு இரண்டரை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஐந்து. கூட்டி வகுக்க எனக்கு மனமில்லை.

மூன்றாம் முறை போனபோது என் பழைய ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோவைக் கொண்டுபோனேன். 1999 ஈஸ்டர், கோயில் வாசலில் பாடகர் குழு, முப்பது பேர், வெள்ளைச் சட்டை, முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் வாயைப் பெரிதாகத் திறந்தபடி. பையன் அதை மார்த்தாண்டத்தில் பெரிதாக அச்சடித்து ஃபிளக்ஸ் மேலேயே ஒட்டியிருக்கிறான். மெனுவிலும் 'சீமைப்பலா மசியல்' என்று திருத்தியாகிவிட்டது. போட்டோ ஃபிளக்ஸைவிட ஒரு அடி குட்டையாகப் போய்விட்டதால், பாடகர் குழுவுக்குக் கீழே ஈட்டிக்காரனின் முழங்காலும் பாதமும் மட்டும் இன்னும் தெரிகின்றன.